ஆக்சா பிளேடு: அமுக்காமல் அறுப்பது எப்படி?

போன இதழில் கோலமும் பொன்மொழிகளும் வந்தன. இந்தத் தடவை நான் எழுதுவது ஆக்சா பிளேடு பற்றி. தலைப்பைப் பார்த்துவிட்டு "இது பையன்கள் சமாச்சாரம்" என்று நகர்ந்து போகிற தோழிகள் கொஞ்சம் நில்லுங்கள். பைப் உடைந்தால் குடம் தூக்கிக்கொண்டு அலைவது நாம்தானே!

ஆக்சா என்பது இரும்பு அறுக்கிற வாள். வளைந்த சட்டத்துக்கு பிரேம் என்று பெயர். அதில் மாட்டுகிற ஒல்லித் தகடுதான் பிளேடு. நம்ம ஊரில் இரண்டையும் சேர்த்து ஆக்சா பிளேடு என்றே சொல்லிவிடுவார்கள். நிறைய வீடுகளில் பிரேமே இருக்காது. பாதி உடைந்த பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அறுப்பார்கள். அறுபடவில்லை என்றால் இன்னும் பலமாக அமுக்குவார்கள். கடைசியில் பிளேடு உடையும், இல்லாவிட்டால் கை கிழியும்.

எங்க மாமா (அம்மாவோட தம்பி) அடிபம்பு ரிப்பேர் பார்ப்பவர். லீவு நாளில் அவர்கூட சாமான் பையைத் தூக்கிக்கொண்டு போவேன். அவர் எனக்கு முதலில் சொன்னது இதுதான்: "தாயி, இது அமுக்கி அறுக்குற சாமான் இல்ல. நீ நேரா தள்ளு போதும், பல்லு அறுத்துக்கும்." அது ஏன் அப்படி என்று எனக்குப் புரிய கொஞ்ச நாள் ஆச்சு. புரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு புது பிளேடை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீளம் 12 அங்குலம், அதாவது 300 மில்லிமீட்டர். இரண்டு முனையிலும் மாட்டுவதற்கு ஓட்டை. பற்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து சாய்ந்திருக்கும், ஆற்றுத் தண்ணீரில் எதிர்த்து நிற்கிற மீன்கூட்டம் மாதிரி. அந்தப் பக்கம் போகும்போது மட்டும்தான் பல் இரும்பைச் சீவும். திரும்பி வரும்போது சீவாது, சும்மா உரசும். வரும்போதும் அமுக்கினால் வேலை ஒன்றும் நடக்காது, பல்தான் மழுங்கும். ஆகவே தள்ளும்போது லேசான அழுத்தம், இழுக்கும்போது அழுத்தமே இல்லை.

அறிவியல் பாடத்தில் அழுத்தம் என்றால் விசையைப் பரப்பால் வகுப்பது என்று படித்தோம் அல்லவா? பல்லின் நுனி அவ்வளவு சின்னது. பரப்பு குறைவு என்பதால் நம் கையின் சிறிய விசையே அங்கே பெரிய அழுத்தம் ஆகிவிடுகிறது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அந்தச் சூத்திரம் மாமாவின் சாமான் பைக்குள் கிடந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இன்னொரு விஷயம். பிளேடை பல் பக்கம் மேலே வைத்து நேராகப் பார்த்தால் பற்கள் ஒரே கோட்டில் இருக்காது. கொஞ்சம் வலப்பக்கம், கொஞ்சம் இடப்பக்கம் என்று சாய்த்திருப்பார்கள். சின்னப் பல் பிளேடில் அந்த வரிசையே பாம்பு போன மாதிரி நெளிந்து இருக்கும். தயாரிப்புக் குறை என்று நினைத்துவிடாதீர்கள். பல் இப்படி விரிந்திருப்பதால்தான் அறுக்கிற தடம் பிளேடின் கனத்தைவிட அகலமாக விழும். அகலமாக விழுந்தால்தான் பிளேடு சிக்காமல் உள்ளே போய் வரும். பிளேடு தேயத் தேய இந்த விரிப்பும் தேயும், அப்போது தடம் ஒடுங்கிவிடும். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு இடத்தில் தேவைப்படும்.

மாட்டுவது எப்படி? பல்லின் முகம் கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம், அதாவது முன்னால் பார்க்க வேண்டும். பிளேடிலேயே ஒரு அம்புக்குறி போட்டிருப்பார்கள், அது முன்பக்கம் காட்ட வேண்டும். பிறகு இரண்டு காது வைத்த நட்டை விரலால் இறுக்கி, பிளேடில் ஆட்டம் நின்ற பிறகு இன்னும் இரண்டு மூன்று சுற்று. பிளேடை விரல் நகத்தால் சுண்டிப் பாருங்கள். "டிங்" என்று கேட்டால் சரி. "டொப்" என்று கேட்டால் தொய்வாக இருக்கிறது. தொய்ந்த பிளேடு வளைந்து வளைந்து போகும், அறுத்த முகம் கோணலாக வரும். ரொம்ப இறுக்கினாலும் முனை ஓட்டைகிட்ட உடைந்துவிடும்.

அடுத்து பல் கணக்கு. கடையில் போய் "ஒரு பிளேடு குடுங்க" என்று மட்டும் கேட்கக் கூடாது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல் என்று கேட்க வேண்டும். 14, 18, 24, 32 என்று நான்கு வகை உண்டு, பிளேடின் மேலேயே எண் போட்டிருக்கும். எதற்கு எது என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு விதி: எந்த நேரத்திலும் அறுபடுகிற பொருளின் மேல் குறைந்தது மூன்று பல்லாவது உட்கார்ந்திருக்க வேண்டும். ஓர் அங்குலம் என்பது 25 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். 24 பல் பிளேடில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளி சுமார் 1 மில்லிமீட்டர். அடிபம்புக்குள் இறக்குகிற இரும்புப் பைப்பின் கனம் சுமார் 3 மில்லிமீட்டர். ஆக 24 பல் பிளேடு அதற்குச் சரியாக வரும். அதையே 14 பல் பிளேடால் அறுத்தால் இடைவெளி 1.8 மில்லிமீட்டர், ஒரு பல்லோ இரண்டு பல்லோதான் உட்காரும். பைப்பின் விளிம்பு இரண்டு பல்லுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும், தள்ளினால் பல் பொட்டுப் பொட்டென்று கொட்டிவிடும். கனமான பொருளுக்கு இதற்கு நேர் எதிர். ரொம்பச் சின்னப் பல் என்றால் சீவின தூள் போக இடமில்லாமல் பல்லுக்கு நடுவில் அடைத்துக்கொண்டு வழுக்கும். கனமான மெத்து இரும்புக்கு 14, பொதுவான வேலைக்கு 18, பைப்புக்கும் ஆங்கிளுக்கும் 24, மெல்லிய தகட்டுக்கும் மெல்லிய குழாய்க்கும் 32.

விலை மலிவான சாதாரண பிளேடு கார்பன் எஃகால் ஆனது. வேகமாக அறுத்து பல்நுனி சூடாகி 200 டிகிரியைத் தாண்டினால் அதன் கடினம் குறைய ஆரம்பிக்கும். அதிவேக எஃகு என்று ஒன்று உண்டு. அதற்கு 500 டிகிரிக்கு மேலும் கடினம் போகாது, ஆனால் முழுசும் அதிலேயே செய்த பிளேடு வளைந்தால் ஒடிந்துவிடும். பல்லுக்கு மட்டும் அந்த எஃகை வைத்து, முதுகுக்கு வளையக்கூடிய எஃகை ஒட்டவைத்த பிளேடும் வருகிறது. விலை கூடத்தான். ஆனால் புதுசாகப் பழகுகிறவர்களுக்கு அதுதான் நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் பழகுகிறவர் கைதான் அதிகம் கோணும்.

இனி அறுக்கிற விதம். பொருள் ஆடக் கூடாது. பாதித் தோல்வி ஆடுவதால்தான் வருகிறது. வைஸ் இருந்தால் அதில் இறுக்கி, அறுக்கிற கோடு வைஸ் வாய்க்கு ஒட்டி இரண்டு விரல் தூரத்தில் இருக்கும்படி வைக்க வேண்டும். வீட்டில் வைஸ் ஏது? பலகை மேல் பைப்பை வைத்து, இரண்டு பக்கமும் செங்கல் அண்டைகொடுத்து, ஒருத்தர் பிடித்துக்கொள்ளலாம். காலால் மிதித்துக்கொண்டு அறுப்பது வேண்டாம், வழுக்கினால் பிளேடு நேராக பாதத்துக்குத்தான் வரும்.

கோடு போட்ட இடத்தில் முக்கோண அரத்தால் இரண்டு ராவு ராவி ஒரு சின்னப் பள்ளம் செய்துகொண்டால் பிளேடு நகராது. இடது கால் முன்னால், வலது கால் பின்னால். வலது கை கைப்பிடியில், இடது கை பிரேமின் முன்மூக்கில். முழங்கையும் மணிக்கட்டும் பிளேடும் ஒரே கோட்டில். நிமிஷத்துக்கு 40 முதல் 50 தள்ளு, அதற்கு மேல் வேண்டாம். கடிகாரத்தின் நொடி முள்ளைவிடக் கொஞ்சம் மெதுவாக என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தள்ளும் பிளேடின் முழு நீளத்துக்கும் போக வேண்டும். நிறையப் பேர் நடுவில் நான்கு அங்குலத்தை மட்டும் குடுகுடு என்று ஓட்டுவார்கள். 12 அங்குலத்துக்குக் காசு கொடுத்துவிட்டு நான்கு அங்குலத்தை மட்டும் தேய்ப்பது என்ன கணக்கு? அதோடு நடுவில் மட்டும் பல் விரிப்பு தேய்ந்து, அப்புறம் முனைப்பக்கம் தடத்தில் நுழையாமல் சிக்கும்.

இப்போது அந்தத் தடம் சமாச்சாரத்துக்கு வருகிறேன். 2025 மே மாத விடுமுறையில் எங்க தெருவில் நாலு நாள் குழாய்த் தண்ணீர் இல்லை. மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிற மோட்டாரில் காயில் போய்விட்டது. தெருமுனை அடிபம்புதான் கதி என்று வரிசை நின்றது. இரண்டாம் நாள் அதிலும் உள்ளே கம்பி துருப்பிடித்து ஒடிந்து, கைப்பிடி சும்மா சும்மா ஆடியது. அது இந்தியா மார்க் 2 பம்பு. 1970-களில் உருவாக்கி, நம்ம கோயம்புத்தூர்ப் பக்கம்தான் சோதித்துப் பார்த்தார்களாம். அதன் உள்ளே 12 மில்லிமீட்டர் கனத்தில் 3 மீட்டர் 3 மீட்டராகக் கம்பிகளைக் கோத்து பிஸ்டன் வரைக்கும் இறக்கியிருப்பார்கள். மேலே கடைசியில் வருகிற கம்பியை மட்டும் அந்த இடத்திலேயே அளந்து அறுத்து, மரை போட்டு, சங்கிலியோடு மாட்ட வேண்டும்.

மாமா கம்பிகளை மேலே எடுத்து, ஒடிந்ததை மாற்றி, மறுபடி இறக்கி, பம்பின் தண்ணீர்ப் பெட்டி மேல் சின்ன வைஸை வைத்து மேல் கம்பியை இறுக்கினார். கீழே தொங்குகிற மொத்தக் கம்பியும் அந்தப் பிடியில்தான் நிற்கிறது. நழுவினால் எல்லாம் போருக்குள் போய்விடும், அதைத் தூண்டில் போட்டு எடுக்க ஒரு பகல் ஆகும். மாமாவுக்கு அன்று வலது தோள் பிடித்துக்கொண்டிருந்தது. "நான் வைஸைப் பாத்துக்கறேன், நீ அறு தாயி" என்றார். இரும்புத் தூள் தண்ணீருக்குள் விழாமல் இருக்க கம்பியைச் சுற்றித் துணி அடைத்தார். மேலே நீட்டிக்கொண்டிருந்த துண்டு ஆடாமல் இருக்க அத்தை பிடித்துக்கொண்டார்.

கம்பி நட்டுக்குத்தலாக நிற்பதால் பிரேமைப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அறுக்க வேண்டும். சாதாரணமாக பிரேமின் எடையே கொஞ்சம் அமுக்கிக் கொடுக்கும், இதில் அது கிடையாது. நிதானமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். சுற்றி முப்பது நாற்பது குடம். "என்ன புள்ள தாலாட்டுற, வேகமா இழு" என்று சத்தம். பாதி வந்திருக்கும். தெரு அண்ணன் ஒருவர் பொறுமை இழந்து பிரேமை வாங்கி, உடம்பு எடை முழுக்கப் போட்டுத் தள்ளினார். நாலாவது தள்ளில் பிளேடு இரண்டு துண்டு. பையில் மிச்சம் ஒரே ஒரு பிளேடு. 18 பல், புதுசு. கடை ஆறு கிலோமீட்டர் தள்ளி.

அவர் அந்தப் புது பிளேடை மாட்டி அதே தடத்தில் வைக்கப் போனார். மாமா சத்தம் போட்டு நிறுத்தினார். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். பழைய பிளேடு தேய்ந்தது, அது போட்ட தடம் ஒடுக்கமானது. புது பிளேடின் பல் விரிப்பு அகலம். அந்தத் தடத்துக்குள் அதைத் திணித்தால் இறுகிச் சிக்கும், பல் கொட்டும், இல்லையென்றால் இரண்டாவது பிளேடும் ஒடியும். புது பிளேடு மாட்டினால் பழைய தடத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நான் பம்பைச் சுற்றி மறுபக்கம் போய் நின்றேன். மாமா அரத்தால் எதிர்க்கோட்டில் ஒரு பள்ளம் ராவிக் கொடுத்தார். ஒவ்வொரு தள்ளையும் மனசுக்குள் எண்ணிக்கொண்டே தள்ளினேன். எண்ணினால் வேகம் தானாக அடங்கும், நீங்களும் செய்து பாருங்கள். மாமா அப்பப்போ ஒரு சொட்டு எண்ணெய் விட்டார், சூடு குறையவும் உரசல் குறையவும். நூற்றிச் சொச்சம் தள்ளில் பழைய தடம் கிட்டே வந்தது தெரிந்தது. அறுக்கிற சத்தமே மாறும், கீச்சுக் குரல் தடித்த குரல் ஆகும். அங்கேதான் கையை இன்னும் லேசாக்க வேண்டும். முடிகிற நேரத்தில் அமுக்கிக்கொண்டிருந்தால் டக்கென்று விட்டு கை முன்னால் பாயும், முட்டி பெயரும். மேல் துண்டு அத்தை கையோடு வந்தது. இரண்டு தடமும் சந்தித்த இடத்தில் ஒரு நூல் அளவு படி இருந்தது, அரத்தால் ராவி சமன் செய்தோம். முகம் கோணலாக இருந்தால் மரை போடுகிற டை நேராக உட்காராது, மரை கோணலாக ஏறும். அதனால் ராவுவதில் மட்டும் மாமா என்னை விடவில்லை, அவரே பார்த்துக்கொண்டார். அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தண்ணீர் வந்தது. முதல் குடம் அந்த அண்ணன் வீட்டுக் குடம்தான், வரிசைப்படி அவர்கள்தான் முதலில் நின்றார்கள்!

மற்ற பொருள்களுக்குச் சில குறிப்புகள். ஆங்கிள் இரும்பை விளிம்பில் ஆரம்பிக்காதீர்கள், அகலமான முகத்தில் வைத்தால் நிறையப் பல் உட்காரும். மெல்லிய தகடு என்றால் இரண்டு மரத்துண்டுக்கு நடுவில் வைத்து மரத்தோடு சேர்த்தே அறுங்கள், ஆடவும் ஆடாது, பல்லும் கொட்டாது. இரும்புப் பைப்பை ஒரே பக்கமாக அடிவரை அறுக்காமல், உள்சுவர் தட்டியதும் கொஞ்சம் திருப்பி, மறுபடி கொஞ்சம் அறுத்து, சுற்றிச் சுற்றி வரவேண்டும். அலுமினியம் மெத்தென்று பல்லில் அப்பும், அதற்கு பிளேடில் சோப்பு தடவலாம். வார்ப்பிரும்புக்கு எண்ணெயே வேண்டாம்.

நம் பள்ளி மாணவியர் கழிப்பறைக்குப் போகிற பி.வி.சி. பைப் எல்போகிட்ட விரிசல் விட்டதை டீச்சர் அனுமதியோடு நாங்கள் நாலு பேர் சரிசெய்தது சிலருக்குத் தெரியும். எப்படி நேராக அறுத்தீர்கள் என்று எட்டாம் வகுப்புத் தங்கைகள் கேட்டார்கள். ரகசியம் ஒரு பழைய காலண்டர் தாள். தாளின் நேரான விளிம்பை பைப்பைச் சுற்றி இறுக்கி, விளிம்பும் விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக வரும்படி பிடித்தால், அந்த விளிம்பு ஓரமாகப் பேனாவால் சுற்றிக் கோடு போடலாம். கோணவே கோணாது. அளக்கும்போது பைப் எல்போவுக்குள் நுழைகிற நீளத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். கோட்டின் மேலேயே அறுக்காமல், வேண்டாத துண்டின் பக்கமாக ஒட்டி அறுக்க வேண்டும், ஏனென்றால் தடமே சுமார் 1 மில்லிமீட்டர் தின்றுவிடும். அறுத்த பிறகு உள்ளேயும் வெளியேயும் நிற்கிற பிசிறைக் கத்தியால் சுரண்டி எடுத்து, உப்புத்தாள் தேய்த்து, ஈரம் துடைத்து, பசை தடவி, நுழைத்துக் கால் சுற்று திருப்பி அரை நிமிஷம் பிடித்துக்கொண்டால் ஒட்டிக்கொள்ளும். பிசிறை எடுக்காமல் விட்டால் உள்ளே அதில் பாசியும் குப்பையும் மாட்டும்.

கரண்டில் ஓடுகிற கட்டிங் மெஷின் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். அது வேகம்தான். ஆனால் பொறி பறக்கும், தட்டு உடைந்தால் கண்ணுக்கு ஆபத்து, நம் வயதில் அதைத் தொடக் கூடாது என்று மாமா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அடிபம்பு இருக்கிற இடத்தில் பிளக் பாயிண்டும் கிடையாது. ஆக்சாவிலும் கவனம் வேண்டும். தூளை வாயால் ஊதாதீர்கள், கண்ணில் போகும், பழைய பிரஷால் தள்ளுங்கள். அறுத்த விளிம்பை விரலால் தடவிப் பார்க்காதீர்கள். தாவணி, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் காது நட்டை இரண்டு சுற்று தளர்த்தி, பிளேடைத் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். உடைந்த துண்டுகளை மேய்ச்சல் நிலத்தில் எறியாதீர்கள், ஆட்டுக் காலிலும் நம் காலிலும் ஏறும். காகிதத்தில் சுற்றி பழைய இரும்புக்காரரிடம் போடலாம்.

பழகிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வாருங்கள். பிரேம் எங்களிடம் இருக்கிறது. பிளேடு மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். கடையில் 24 பல் என்று கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி